துட்டு உன்னோடது, ஸ்லாட்டு அதோடது

வாங்க மருமவனே, வாங்க. நாலு வருசம் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிச்ச பிள்ளை, பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுற மாமன்கிட்ட லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு வந்திருக்கீரு. இதுக்குத்தான் எங்க அக்கா நகையை அடகு வச்சு உம்மைப் படிக்க வச்சாளா? சரி, உக்காரும். சொல்ல வந்ததை நானே சொல்லிடுறேன். லேப்டாப்பு மெதுவா ஓடுது, 16 ஜிபி ரேம் வாங்கிப் போட்டுப் பறக்க விடணும். கையில துட்டு இருக்கு. ராத்திரி கோவில்பட்டியில பஸ் ஏறி, விடிய மெட்ராஸ் ரிச்சி தெருவுல எறங்கணும். அம்புட்டுதானே?

தாராளமாப் போங்க மவராசா. பஸ் சார்ஜை நெனைச்சா உள்ளூர்லயே வாங்கிடலாம், ஆனா பெரிய எடத்துப் பிள்ளை, போயிட்டு வாங்க. போனதும் முதக் கடையில ஏறி, "அண்ணே, லேப்டாப்புக்கு நல்ல ரேமா ஒண்ணு குடுங்க"ன்னு கேளும். என்ன மாடல்னு அவன் கேட்டா, "கறுப்புக் கலரு"ன்னு சொல்லும். அவன் மனசுக்குள்ள குலசாமியைக் கும்பிட்டுக்கிட்டே உள்ள போயி, ரொம்ப நாளா விக்காமக் கெடந்த ஒண்ணைத் தூசி தட்டிக் கொண்டாந்து நீட்டுவான். நீரும் துட்டை எண்ணிக் குடுத்துட்டு வந்து இங்க மாட்டிப் பாப்பீரு. அது போகாது. அமுக்குவீரு, போகாது. இன்னும் பலமா அமுக்குவீரு, அப்பப் போகும். அதுக்கப்புறம் லேப்டாப்பையே குப்பையில போட்டுட்டுப் புதுசு வாங்கலாம். புதுசு வாங்குறதுக்கு இதைவிடச் சுருக்கு வழி கெடையாது.

அந்த வழி வேண்டாம்னா நான் சொல்றதைக் கேளு.

முதல்ல ஒரு சந்தேகம். மெதுவா ஓடுறதுக்கு ரேமுதான் காரணம்னு உனக்கு யாரு சொன்னது? டீக்கடையில சொன்னாங்களா? கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்கு. டாஸ்க் மேனேஜர் தொறக்கும். அதுல பெர்ஃபாமன்ஸ் பக்கத்துக்குப் போயி, நீ வழக்கமா என்னென்ன தொறந்து வைப்பியோ எல்லாத்தையும் தொறந்து வச்சுட்டு மெமரியைப் பாரு. தொண்ணூறு சதவீதத்துக்கு மேல நிக்குதுன்னா, சரி, ரேம் பத்தலை, உன் கேஸு நியாயமான கேஸு. மெமரி பாதிதான் நெறைஞ்சிருக்கு, ஆனா டிஸ்க்கு மட்டும் நூறு சதவீதத்துல மூச்சு வாங்குதுன்னா, நீ 16 ஜிபி இல்லை, 160 ஜிபி போட்டாலும் அது அப்படித்தான் கெடக்கும். உள்ள சுத்திக்கிட்டிருக்குற பழைய ஹார்டு டிஸ்க்குதான் அங்க வில்லன். அதைக் கழட்டிட்டு எஸ்எஸ்டி போடணும்.

இன்னொண்ணு. உன் சேக்காளி ஒருத்தன், "எங்கிட்ட ஒரு டிபி மெமரி இருக்கு"ன்னு அளந்துக்கிட்டுத் திரியுறானே, அவன் சொல்றது ஹார்டு டிஸ்க்கு. பாட்டு, படம், கல்யாண வீடியோ எல்லாம் கெடக்குற எடம் அது. கரண்டு போனாலும் அதுல உள்ளது அப்படியே இருக்கும். ரேமுங்கிறது இப்ப இந்த நிமிசம் ஓடிக்கிட்டிருக்குற வேலைக்கான எடம். ஆஃப் பண்ணினா காலி. கடையில போயி "மெமரி வேணும்"னு மொட்டையாக் கேட்டா, அவன் மெமரி கார்டைக் கூட எடுத்துக் குடுப்பான். அவனைக் குத்தம் சொல்ல முடியாது.

சரி, உன் சாமானைத் திருப்பிப் போடு. அடியில என்ன எழுதியிருக்கு? திங்க்பேட் எக்ஸ்220. அடடே, நல்ல சாதியாத்தான் புடிச்சிருக்க. லெனோவா 2011-ல விட்ட மாடல். இன்டெல் ரெண்டாம் தலைமுறை ப்ராசசர், பன்னெண்டரை இஞ்சு ஸ்க்ரீன், கல்லுல போட்டாலும் உடையாத கீபோர்டு. இதை வித்தவன் எதுக்கு வித்தான்னு தெரியலை, வாங்கின நீ ஏன் வாங்கினேன்னும் உனக்குத் தெரியாது. போகட்டும். இந்த மாடல் பேரு இருக்கே, அதுதான் உன் கையில இருக்குற முக்கால்வாசி வெவரம். கம்பெனிக்காரன் ஒவ்வொரு மாடலுக்கும் ரிப்பேர் பாக்குறவனுக்குன்னு ஒரு புத்தகம் போட்டு, சும்மாவே இறக்கிக்கிடலாம்னு விட்டு வச்சிருக்கான். அதுல எத்தனை ஸ்லாட்டு, என்ன ரேமு, எந்தத் திருகைக் கழட்டணும்னு படம் போட்டுச் சொல்லியிருப்பான். படிச்சவன் எவனும் அதைப் படிக்கிறதில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிற நான் படிக்கிறேன்.

ரேமுலயும் தலைமுறை இருக்கு மருமவனே. டிடிஆர், டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5னு அஞ்சு வந்தாச்சு. ஒரு தலைமுறைக்குள்ள போக வேண்டியது இன்னொண்ணுக்குள்ள போகாது. எத்தனை பெரிய மனுசன் சிபாரிசு பண்ணினாலும் போகாது. லேப்டாப்புல போடுற குட்டை ரேமுக்கு எஸ்ஓ-டிம்முன்னு பேரு. டெஸ்க்டாப்பு ரேமுல பாதி நீளம்தான் இருக்கும். டெஸ்க்டாப்பு ரேமு வெலை கொறைவா இருக்குன்னு அதை வாங்கிக்கிட்டு வந்த ஒரு புண்ணியவானும் நம்ம ஊருல உண்டு. பேரு சொன்னா ஒனக்குச் சித்தப்பா முறை வரும், அதனால விட்டுர்றேன்.

குட்டை ரேமுல தங்கக் கலருல வரிசையா இருக்குற பின்னை எண்ணினா தலைமுறை தெரியும். டிடிஆர்2-க்கு 200. டிடிஆர்3-க்கு 204. டிடிஆர்4-க்கு 260. டிடிஆர்5-க்கு 262. எண்ணிக்கிட்டு உக்காரச் சொல்லலை, பின்னு வரிசைக்கு நடுவுல ஒரு வெட்டு இருக்கு பாரு, அந்த வெட்டு எடத்துக்கு எடம் மாறும். ஸ்லாட்டுக்குள்ள அதுக்குத் தக்கன ஒரு தடுப்பு நிக்கும். ரெண்டும் நேருக்கு நேர் நின்னாத்தான் உள்ள எறங்கும். மனுசன் முரடன், அமுக்கித் தொலைப்பான்னு தெரிஞ்சுதான் அந்த வெட்டையே வச்சிருக்கான். இதுல ஒரு வம்பு: முதல் தலைமுறைக்கும் ரெண்டாம் தலைமுறைக்கும் பின்னு அதே 200-தான், வெட்டு மட்டும் இம்மி தள்ளி இருக்கும். கண்ணுக்கு ஒண்ணாத் தெரியும், போட்டா நிக்காது. உன்னுது டிடிஆர்3. அதனால 204 பின்னு. இது ஒண்ணை மட்டும் மனசுல வச்சுக்கிட்டாலே நீ பாதிக் கெணறு தாண்டிட்ட. மீதிப் பாதியிலதான் விழப்போற.

அந்த மீதிப் பாதிக்குப் பேரு வோல்ட்டு. இது என் தொழிலு, அதனால கொஞ்சம் வெவரமாவே சொல்றேன், கொட்டாவி விடாதே. டிடிஆர்2-க்கு 1.8 வோல்ட்டு. டிடிஆர்3-க்கு 1.5. டிடிஆர்4-க்கு 1.2. தலைமுறை ஏற ஏறப் பசி கொறையுது. நம்ம வீட்டுல அப்படி ஒரு பிள்ளையாச்சும் பொறந்திருக்கா? இதுல டிடிஆர்3-க்குள்ளயே ரெண்டு வகை. 2010-ல டிடிஆர்3எல்னு ஒண்ணுக்கு விதி எழுதினாங்க. அந்த 'எல்' போட்டது 1.35 வோல்ட்டுலயே ஓடிரும். பின்னு அதே 204, வெட்டும் அதே எடம், நீளமும் ஒண்ணு. பக்கத்துல பக்கத்துல வச்சா அதைப் பெத்தவனுக்கே அடையாளம் தெரியாது.

எல் போட்ட ரேமு 1.35-லயும் ஓடும், 1.5-லயும் ஓடும். அப்படித்தான் அதைச் செஞ்சிருக்கான். எல் போடாதது 1.5-ல மட்டும்தான் ஓடும். அதனால உன் எக்ஸ்220-க்கு எது போட்டாலும் நடக்கும், ஏன்னா உன் மெஷினு குடுக்குறது 1.5. ஆனா 2013-க்கு அப்புறம் வந்த நெறையா லேப்டாப்பு 1.35 மட்டும்தான் குடுக்கும். அதுல எல் இல்லாத ரேமைக் கொண்டுபோய் வச்சா, நல்லா மாட்டும், கிளிப்பும் 'டிக்'குன்னு விழும், பவரை அமுக்கினா விளக்கு எரியும், ஸ்க்ரீன் மட்டும் அமாவாசை. உடனே "ரேம் டூப்ளிகேட்டு"ன்னு கடைக்காரன் சட்டையைப் புடிக்கப் போவான். ரேம் நல்ல ரேமுதான். வாங்கினவன் ஒரு எழுத்துப் படிக்கலை. அதனால பழைய லேப்டாப்புக்கு டிடிஆர்3 தேடுற எவனா இருந்தாலும் எல் போட்டதையே வாங்குறது புத்தி. ரெண்டு பக்கமும் செல்லும்.

இப்ப ஒரு காரியம் செய். பேட்டரியைக் கழட்டு. சார்ஜரைப் புடுங்கு. பவர் பட்டனை ஒரு தடவை அமுக்கிப் புடிச்சு விடு, உள்ள மிச்சம் மீதி இருக்குற கரண்டும் போயிரும். அடியில மூடி ஒண்ணு இருக்கே, அதுல உள்ள திருகைக் கழட்டித் தொற. உன் மாடல்ல ரெண்டு ஸ்லாட்டும் அங்கனயே இருக்கு. எல்லாருக்கும் இந்தப் பாக்கியம் கெடையாது. சில ஹெச்பி மாடல்ல ஒண்ணு அடியிலயும் இன்னொண்ணு கீபோர்டுக்குக் கீழயும் ஒளிஞ்சிருக்கும். அடியில ஒண்ணைப் பாத்துட்டு ஒரே ஸ்லாட்டுதான்னு முடிவு கட்டினவங்க எத்தனையோ பேரு.

உள்ள ஒரு ரேம் இருக்கு, ஒரு ஸ்லாட்டு காலி. ரெண்டு பக்கக் கிளிப்பையும் வெளிய தள்ளு, ரேமு தானா எந்திரிக்கும். ஓரத்தைப் புடிச்சு எடு, தங்கப் பல்லைத் தொடாதே. அதுக்கு முன்னால ஏதாச்சும் இரும்புச் சாமானைத் தொட்டுக்கோ. ஒடம்புல இருக்குற ஸ்டாட்டிக் கரண்டு உனக்குத் தெரியாது, சிப்புக்குத் தெரியும்.

இப்ப அந்த ஸ்டிக்கரை வாசி. கண்ணாடியை வேணும்னா நான் தர்றேன்.

"4ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி3-10600எஸ்-9." ஜோசியக்காரன் கட்டம் போட்ட மாதிரி முழிக்காதே, ஒவ்வொண்ணா வா. 4ஜிபி கொள்ளளவு. பிசி3ன்னா டிடிஆர்3. பிசி3எல்னு இருந்தா எல் வகை. உன்னுதுல இல்லை. 10600ங்கிறது ஒரு செகண்டுக்கு எத்தனை மெகாபைட்டு போய்வரும்ங்கிற கணக்கு. அதை எட்டால வகுத்தா 1333-க்குக் கிட்டத்துல வரும், அதுதான் ரேமோட வேகம். 8500ன்னு போட்டிருந்தா 1066. 12800ன்னு போட்டிருந்தா 1600. ஒரே ரேமைத்தான் ஒரு கடையில 1600ன்னும் இன்னொரு கடையில 12800ன்னும் சொல்லுவான். 12800தான் பெருசுன்னு அதிகத் துட்டு குடுத்துட்டு வந்துராதே. கடைசியில இருக்குற எஸ்ஸு, இது லேப்டாப்பு ரேமுன்னு சொல்லுது. அதுக்கப்புறம் வர்ற 9 தாமதக் கணக்கு. அதைப் பத்தி நீ கவலைப்படுற அளவுக்கு உன் லேப்டாப்பு ஒண்ணும் ராக்கெட் விடலை.

சாம்சங் ரேமா இருந்தா இன்னொரு அடையாளமும் உண்டு. நம்பர் எம்471ன்னு தொடங்கினா லேப்டாப்பு ரேமு. எம்378ன்னு தொடங்கினா டெஸ்க்டாப்பு ரேமு. உன் சித்தப்பாவுக்கு இதைச் சொல்லியிருக்கலாம், நேரம் தவறிப்போச்சு.

வேகத்துல ஒரு பயமும் வேண்டாம். உன் மெஷினோட ப்ராசசரு 1333 வரைக்கும்தான் போகும். 1600 ரேமைப் போட்டா அது அடக்கமா 1333-ல ஓடும். ரெண்டு ஸ்லாட்டுலயும் வேற வேற வேகம் போட்டா, மெதுவான ரேமோட வேகத்துக்கு ரெண்டும் எறங்கிரும். இதை எப்படி முடிவு பண்ணுதுன்னு கேளு. ரேமு மேல குட்டியா ஒரு சிப்பு தனியா இருக்கும். அதுக்குள்ள இந்த ரேமோட முழு விவரத்தையும் எழுதி வச்சிருப்பான், எஸ்பிடின்னு பேரு. பவர் போட்டதும் மெஷினு முதல்ல அதைத்தான் வாசிக்கும். ஸ்டிக்கரை எவனும் மாத்தி ஒட்டலாம், அந்தச் சிப்பை அம்புட்டு லேசா மாத்த முடியாது. சிபியு-ஜீன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. வாங்கிப் போட்டதும் அதுல எஸ்பிடி பக்கத்தைத் தொறந்து பாரு. ஸ்டிக்கர் சொல்றதும் சிப்பு சொல்றதும் ஒண்ணா இருக்கணும். இல்லைன்னா உனக்கு வித்தவன் உன்னை விடப் படிச்சவன்.

நடுவுல ஒண்ணைத் தாண்டி வந்துட்டோம். 2ஆர்எக்ஸ்8. இதைத்தான் எவனும் பாக்க மாட்டான், இங்கனதான் பழைய லேப்டாப்புக்காரன் எல்லாம் விழுந்து மூக்கை ஒடச்சிருக்கான். 2ஆர்னா சிப்பு ரெண்டு அணியா நிக்குது. 4 ஜிபி ரேமுல இப்படி இருந்தா மொத்தம் 16 சிப்பு, ஒவ்வொண்ணும் 2 ஜிகாபிட்டு. 1ஆர்எக்ஸ்8ன்னு இருந்தா எட்டே சிப்பு, ஒவ்வொண்ணும் 4 ஜிகாபிட்டு. ரெண்டும் 4 ஜிபிதான், ஆனா ஒவ்வொரு சிப்புக்குள்ளயும் எம்புட்டு அடைச்சிருக்காங்கிறது வேற. பழைய மெஷினுக்கு அடர்த்தியான சிப்பை வாசிக்கத் தெரியாது. 2008, 2009 வாக்குல வந்த இன்டெல் ஜிஎம்45 சிப்செட் லேப்டாப்பு, அந்த எக்ஸ்200, டி400 எல்லாம், 16 சிப்பு வச்ச 4 ஜிபியைத்தான் ஏத்துக்கும். எட்டு சிப்பு வச்சதைப் போட்டா ஸ்க்ரீன் வராது. கடையில புதுசாக் கெடைக்கிறது முக்காவாசி எட்டு சிப்பு. "போன மாசம் இதே ரேமைத்தான் எங்க வீட்டுல போட்டேன், ஓடுச்சு"ன்னு ஒருத்தன் சத்தியம் பண்ணுவான். அவன் வீட்டு மெஷினுக்கு ஓடியிருக்கும்.

உன் எக்ஸ்220-க்கு அந்தத் தொல்லை இல்லை. 4 ஜிகாபிட்டு சிப்பு வரைக்கும் அதுக்குத் தெரியும். அதனால ஒரு ஸ்லாட்டுல 8 ஜிபி வரை போடலாம். இங்கன ஒரு வேடிக்கை. லெனோவாக்காரன் எழுதி வச்சது மொத்தம் 8 ஜிபி. அதே மெஷினுக்குள்ள இருக்குற ப்ராசசரைப் பத்தி இன்டெல்காரன் எழுதி வச்சது 16 ஜிபி. 8 ஜிபி ரேமு ரெண்டைப் போட்டு 16 ஆக்கினவங்க ஏகப்பட்ட பேரு, ஓடுது. கம்பெனி அன்னைக்கு எந்த ரேமை வச்சுச் சோதிச்சுப் பாத்தானோ அதைத்தான் எழுதுவான். ஆப்பிள் 2012-ல விட்ட 13 இஞ்சு மேக்புக் ப்ரோவும் இப்படித்தான். எழுதினது 8, ஏத்துக்கிறது 16. ஆனா அதே வருசம் வந்த ரெட்டினா மேக்புக்ல ரேமு போர்டோட வச்சுச் சால்டர் பண்ணியாச்சு. அதை வாங்கினவன் சாமி கும்பிடலாம், ரேம் கூட்ட முடியாது.

சரி, 16 ஜிபி ஒரே ரேமா டிடிஆர்3எல்லுல கெடைக்குதே, அதை ஒண்ணு போட்டா என்னன்னு உன் மூளை ஓடும். ஓடட்டும். அதுல இருக்குறது 8 ஜிகாபிட்டு சிப்பு. இன்டெல் நாலாம் தலைமுறை வரைக்கும் உள்ளதுக்கு அது வாசிக்க வராது, அஞ்சாம் தலைமுறையில இருந்துதான் வரும். அதனால 2015-ல வந்த எக்ஸ்250 ஏத்துக்கும், உன்னுது ஏத்துக்காது. பெரிசா வாங்கிட்டா பிற்காலத்துக்கு ஆகும்னு வாங்குற ஆளு நீ. கல்யாணத்துக்குத் தச்ச சட்டை இன்னைக்கும் உனக்குத் தோளு எறங்கித்தானே கெடக்கு.

ஒத்தை ஸ்லாட்டுக்காரன் கதை தனி. எக்ஸ்220-க்கு ரெண்டு ஸ்லாட்டு, எக்ஸ்230-க்கு ரெண்டு ஸ்லாட்டு. 2013-ல எக்ஸ்240 வந்தப்ப ஒண்ணாச் சுருக்கிட்டான். 8 ஜிபிக்கு மேல வழியும் இல்லை. "டூயல் சேனல்"னு எங்கயோ கேள்விப்பட்டு, எக்ஸ்240-க்கு ஜோடியா ரெண்டு ரேமு வாங்கிக்கிட்டு வந்தவன் ஒருத்தன் எங்கிட்டயே வந்தான். "மாமா, இன்னொண்ணை எங்க போட?"ன்னான். சட்டைப் பையில போட்டுக்கோன்னேன்.

அந்த டூயல் சேனல் சமாச்சாரம் மெய்தான். ரெண்டு ஸ்லாட்டுலயும் ரேமு இருந்தா மெஷினு ரெண்டு வழியாவும் ஒரே நேரத்துல வாங்கிக் குடுக்கும். உங்க தாத்தா ஏருக்குக் காளை புடிக்கிறப்போ சந்தையில நாளெல்லாம் அலைவாரு. ஒத்தைக் காளை எம்புட்டு வாட்டசாட்டமா இருந்தாலும் வேண்டாம்பாரு, நம்ம கொட்டத்துல நிக்கிறதுக்கு உசரமும் நடையும் ஒத்து வரணும்பாரு. ஒத்து வராத ஜோடியும் உழும், ஆனா உழவு கோணும். ரேமுல அம்புட்டுக் கோணாது: 4-உம் 8-உம் சேத்துப் போட்டா, இன்டெல் மெஷினு ரெண்டுலயும் நாலு நாலை ஜோடியா ஓட்டிட்டு, மிச்ச நாலை ஒத்தையா ஓட்டும். தப்பில்லை. ஆனா உன்னுதுல கிராஃபிக்ஸ் கார்டு தனியா கெடையாது. இன்டெல் ஹெச்டி 3000, அதுவும் இதே ரேமுல இருந்துதான் எடுத்துத் திங்கும். அதனால ஜோடி பொருந்தினா வீடியோ பாக்குறதுல வித்தியாசம் தெரியும்.

இனி விண்டோஸ். உள்ள போட்டிருக்குறது 32 பிட்டா 64 பிட்டான்னு பாத்தியா? ரெண்டு பெருக்கல் ரெண்டுன்னு முப்பத்திரண்டு தடவை பெருக்கினா 4 ஜிபிதான் வரும். அதுக்கு மேல உள்ள எடத்துக்கு 32 பிட்டு விண்டோஸால பேரு வைக்க முடியாது. அந்த நாலுலயும் கிராஃபிக்ஸுக்கும் மத்ததுக்கும் ஒதுக்கினது போக, மூணும் சில்லறையும்தான் கையில நிக்கும். நீ 8 ஜிபியைப் போட்டு வச்சிருப்ப, அது மூணைத் தின்னுட்டு அஞ்சைப் பாத்துக்கிட்டு இருக்கும். விண்டோஸ் 7-லயும் பாகுபாடு உண்டு: ஸ்டார்ட்டர் பதிப்புன்னா 2 ஜிபிக்கு மேல தொடாது, 64 பிட்டு ஹோம் பேசிக் 8, ஹோம் பிரீமியம் 16. 2011-ல இருந்து அரசாங்கம் பிள்ளைகளுக்குக் குடுத்த லேப்டாப்பு இன்னும் எத்தனையோ வீட்டுப் பரண்ல கெடக்கு. அதுக்கு ரேம் வாங்கணும்னு எவனாச்சும் வந்தா, முதல்ல உள்ள என்ன விண்டோஸ் இருக்குன்னு பாக்கச் சொல்லு.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட மைக்ரோசாஃப்ட் கைகழுவிட்டான். விண்டோஸ் 11-க்கு உன் ப்ராசசரை அவன் ஏத்துக்க மாட்டான். அதுக்கு ரேமு மருந்தில்லை. லினக்ஸ் போட்டுக்கோ, 8 ஜிபில அது சொகமா ஓடும். லினக்ஸ்ல டிஎம்ஐடிகோடுன்னு ஒரு கட்டளை இருக்கு, மூடியைத் தொறக்காமலே எந்த ஸ்லாட்டுல என்ன இருக்குன்னு சொல்லிடும். "அதிகபட்சம் இவ்வளவு"ன்னு அது சொல்றதை மட்டும் வேதவாக்கா எடுத்துக்காதே. பயாஸ் எழுதினவன் போட்டு வச்ச எண்ணு அது, சில மெஷின்ல தப்பா இருக்கும்.

மாட்டுறதைச் சொல்லிடுறேன். ரேமைச் சரிவாப் புடி, வெட்டும் தடுப்பும் நேரா நிக்குதான்னு பாரு, தங்கப் பல்லு கிட்டத்தட்ட முழுசா உள்ள மறையுற வரைக்கும் தள்ளு, அப்புறம் கீழ அமுக்கு. ரெண்டு கிளிப்பும் தானா பூட்டும். பூட்டலைன்னா தலைமுறை மாறியிருக்கு, இல்லை நீ சரியாத் தள்ளலை. ரெண்டுக்கும் சுத்தியல் மருந்தில்லை. முத தடவை ஆன் பண்றப்போ ஸ்க்ரீன் வரக் கொஞ்சம் நேரமாகும், உடனே ஒப்பாரி வைக்காதே. வரவே இல்லைன்னா எடுத்துட்டுத் திரும்ப மாட்டு, ஸ்லாட்டை மாத்தி மாட்டு. பழசா வாங்கின ரேம்னா பல்லுல மங்கல் இருக்கும், பென்சில் ரப்பரால லேசாத் தேச்சுத் தொடைச்சா தெளியும். வந்துட்டா, மெம்டெஸ்ட்86+ன்னு ஒண்ணை பென்டிரைவுல ஏத்தி, ராத்திரி ஓட விட்டுட்டுத் தூங்கு. காலையில சிவப்புல ஒரு வரி தெரிஞ்சாலும் அந்த ரேமை வச்சுக்காதே, திருப்பிக் குடு. "ஓடத்தானே செய்யுது"ன்னு விட்டேன்னா, என்னைக்கோ ஒரு நாள் நீ சேமிக்கிற ஃபைல்லயே கையை வச்சிடும்.

என் தீர்ப்பைக் கேட்டா, உனக்கு 16 வேண்டாம். நீ பண்றது மெயிலு, எக்செல்லு, ராத்திரி ஒரு மணி வரைக்கும் யூடியூபு. உள்ள இருக்குற 4 ஜிபிக்கு ஜோடியா இன்னொரு 4 ஜிபி, பிசி3எல்-12800எஸ், யாரு செஞ்சதா இருந்தாலும் சரி, பழசே கெடைச்சாலும் சரி. மொத்தம் எட்டு. மிச்சத் துட்டுக்கு ஒரு எஸ்எஸ்டி வாங்கு. அதுலயும் 7 மில்லிமீட்டர் தடிமன் உள்ளதாப் பாத்து வாங்கு, எக்ஸ்220-க்குள்ள 9.5 மில்லிமீட்டர் நுழையாது. ஸ்டிக்கரையும் அடியில இருக்குற மாடல் பேரையும் போன்ல படம் புடிச்சுக்கோ. ஓடலைன்னா திருப்பி எடுத்துக்கிற கடையாப் பாத்து வாங்கு, பில்லு இல்லாமத் திரும்பி வராதே.